நான் நேராக்கிய வால்வு

போன வாரம் நம் சைக்கிள் கிளப் ஷெட்டுக்கு வந்திருந்தேன். பழைய ஆள் வந்திருக்கிறான் என்று ஸ்டூல் எடுத்துப் போட்டு, டீயும் வாங்கிக் கொடுத்தீர்கள். சந்தோஷம். நீங்கள் மூன்று பேரும் ஒரு சக்கரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தீர்கள். டயரில் முள் இல்லை, கம்பி இல்லை, தண்ணீரில் முக்கினால் ஒரு குமிழிகூட இல்லை. ஆனால் ரோட்டுக்குப் போனால் காற்று இறங்கிவிடுகிறது. அரை மணி நேரம் பார்த்துவிட்டு உங்களில் ஒருவர் சொன்னார்: "சக்கரத்துல ஒண்ணும் இல்லண்ணா. ஓட்றவன்தான் இன்னாமோ பண்றான்."

மற்ற இரண்டு பேரும் சிரித்தீர்கள். நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு பஸ்ஸில் வரும்போதுதான் நினைவுக்கு வந்தது. அதே வார்த்தையை அதே ஷெட்டில் நின்றுகொண்டு நான் சொல்லியிருக்கிறேன். அதற்கப்புறம் என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியாது. யாரிடமும் நான் முழுசாகச் சொன்னதில்லை. எனக்குச் சாதகமான பாதியை மட்டும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மீதியை எழுதிவிடுகிறேன். உங்கள் மாதிரி படித்து வந்த மெக்கானிக் இல்லை நான். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவன். தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களின் சைக்கிள்களுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவனை, கிளப் ஆரம்பித்த கோச் வந்து கூப்பிட்டார். அவரை எல்லோரும் மாஸ்டர் என்போம். "ரேஸ் வண்டியும் சைக்கிள்தான்யா, வா" என்றார். போனேன். போன பிறகுதான் தெரிந்தது, அது வேறு ஜாதி மிருகம் என்று.

முக்கியமாக அந்த டயர். சாதாரண டயரைக் கழற்றினால் டியூப் தனியாக வரும், ஓட்டையைக் கண்ணால் பார்க்கலாம். ரேஸ் சக்கரத்தில் டியூபை டயருக்குள்ளேயே வைத்துத் தைத்துவிடுகிறான். தைத்ததை அப்படியே ரிம்மில் பசை போட்டு ஒட்ட வேண்டும். நம் பசங்கள் அதற்கு 'ஒட்டு டயர்' என்று பேர் வைத்திருந்தார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று பிரித்தால்தான் தெரியும், பிரித்தால் டயர் பாதி போச்சு. அதனால் இந்த டயரில் எல்லாமே ஊகம்தான், நோய் சொல்லத் தெரியாத குழந்தைக்கு வைத்தியம் பார்க்கிற மாதிரி.

முதல் வருஷம் நான் பட்ட அவமானம் ஒன்றை முதலில் சொல்கிறேன். ஒரு டயரில் காற்று நிற்கவில்லை. தண்ணீரில் முக்கினேன், வால்வு ஓரமாகக் குமிழி வந்தது. வால்வுதான் என்று அதற்குள் இருக்கிற ஊசியை மாற்றினேன். மறுபடியும் குமிழி. இன்னொரு ஊசி, மறுபடியும் அதே. மூன்றாவது நாள் பொறுமை போய்த் தையலைப் பிரித்தால், ஓட்டை வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. பசை மற்ற இடத்தையெல்லாம் அடைத்துவிடுகிறது. காற்று டயருக்குள்ளேயே சுற்றி வந்து, வழி கிடைக்கிற வால்வு ஓட்டை வழியாக வெளியே வருகிறது. குமிழி வருகிற இடத்தில்தான் ஓட்டை என்று நினைத்தது என் முட்டாள்தனம். மாஸ்டர் எல்லார் முன்னாலும் சிரித்தார்.

அன்றைக்குப் பிறகு கவனமாகிவிட்டேன். பல வருஷம் நான் சொன்ன காரணம் தப்பியதில்லை. திருவள்ளூரிலிருந்து ரெண்டு பேர் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ரயில் மாறி வந்து என்னிடம் காட்டிவிட்டுப் போவார்கள். மாஸ்டரே "அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார். அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலை கனத்துப் போயிருந்தது.

கோபமும் அப்படித்தான். செயினில் மண் இருந்தால் கத்துவேன். கைப்பிடி டேப் பிரிந்திருந்தால் கத்துவேன். எல்லாவற்றுக்கும் மேலே வால்வு. அது ரிம்மில் நெட்டுக்குத்தாக, நேராக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் "ஏன் இது தண்ணி போட்ட மாதிரி நிக்குது? நீ ஊத்தி உட்டியா?" என்று கேட்டுக்கொண்டே கட்டைவிரலால் தள்ளி நேராக்குவேன். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்கு 'வால்வு நைனா' என்று பட்டப்பெயரே இருந்தது. அதில் எனக்குப் பெருமைதான்.

எஸ்தர் என்ற பெண் கிளப்பில் இருந்தாள். பதினேழு வயசு. அவளுடைய அப்பா எஸ்டேட்டில் ஒரு ரோலிங் மில்லில் உலைப் பக்கம் வேலை. அந்தக் குடும்பத்தில் முதல் தடவை ஒருத்தி ஊரைத் தாண்டி ஏதோ ஆகப் போகிறாள் என்று தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. மாநில அணிக்கான தேர்வு ஓட்டம் மூன்று வாரத்தில். தேர்வானால் விளையாட்டு விடுதியில் இடம், படிப்பு, பின்னால் விளையாட்டுக் கோட்டாவில் வேலைக்கும் வழி. அந்த வயசுப் பிரிவில் அவளுக்கு அதுதான் கடைசி வருஷம். இது எல்லோருக்கும் தெரியும், எனக்கும் நன்றாகத் தெரியும்.

கிளப்பில் இருந்தது ஒரே ஒரு ஜோடி நல்ல ரேஸ் சக்கரம். தேர்வு வரைக்கும் அதை எஸ்தருக்குக் கொடுத்துவிடுவது என்று மாஸ்டர் முடிவு செய்தார். புது ஒட்டு டயர் வந்தது. "நாளைக்குக் காலையில மாட்டிடுவியா?" என்று கேட்டார். மாட்டிவிட்டேன்.

முதல் வாரம் ஆரணி ஆற்றுப் பாலம் வரைக்கும் நீள ஓட்டம். ஒரு தொந்தரவும் இல்லை. அடுத்து எஸ்டேட் ரோடுகளில் சுற்று ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை காலையில் லாரி குறைவு, வளைவு அதிகம், ரேஸ் மாதிரியே இருக்கும். ஆறாவது சுற்றில் எஸ்தர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முன் சக்கரத்தில் காற்று இறங்கியிருந்தது.

கழற்றினேன். வால்வு சாய்ந்திருந்தது. வழக்கம்போல ரெண்டு வார்த்தை திட்டி, கட்டைவிரலால் தள்ளி நேராக்கினேன். காற்றடித்துத் தண்ணீரில் முக்கினேன். ஒன்றும் இல்லை. மறுநாள் காலை வரை தொங்கவிட்டேன். கல் மாதிரி நின்றது. வால்வு ஊசியை எதற்கும் மாற்றிவைத்தேன்.

புதன்கிழமை மறுபடியும் அதே எஸ்டேட் சுற்று, அதே கடைசிச் சுற்றுகள், அதே முன் சக்கரம். மறுபடியும் நேராக்கினேன், முக்கினேன், ஒன்றும் இல்லை. மாஸ்டருக்குப் பதற்றம். "இன்னாய்யா, நாள் போய்க்கினே இருக்குது" என்றார். முதல் தடவையாக ஷெட்டில் எல்லோரும் என் வாயைப் பார்க்கிறார்கள், எனக்குப் பதில் தெரியவில்லை.

அப்போது ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். அந்தச் சக்கரத்தை இன்னொரு பையன் வண்டியில் மாட்டி, அதே ரோட்டில் அதே அளவு சுற்றவிட்டேன். காற்று அப்படியே இருந்தது. நீங்களும் அந்தச் சோதனையைச் செய்வீர்கள், செய்யவும் வேண்டும். சக்கரம் அதே, ரோடு அதே, ஆள்தான் வேறு. அப்படியானால் கோளாறு ஆளிடம்தான் என்று எனக்குள்ளே ஒரு முடிவு எழும்பிவிட்டது.

அதற்கு உரம் போட ஒரு விஷயமும் கிடைத்தது. அதற்கு முந்தின வாரம் டீக்கடையில் எஸ்தர் தோழியிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்திருந்தது: "செலக்ட் ஆனா ஊட்ட உட்டுட்டுப் போவணுமேடி, அத நெனச்சாத்தான் பேஜாரா கீது." பதினேழு வயசுப் பெண் வேறென்ன சொல்லுவாள்? ஆனால் நான் அந்த ஒரு பேச்சை வைத்து ஒரு கதையே கட்டினேன். போக பயம், அப்பாவிடம் சொல்லவும் பயம், அதனால் வழியில் காற்றை இறக்கிவிடுகிறாள். நீள ஓட்டத்தில் ஏன் இறங்கவில்லை? அது ரேஸ் இல்லை. ரேஸ் மாதிரி ஓட்டும்போது மட்டும் ஏன் இறங்குகிறது? ரேஸ்தான் அவளுக்குப் பயம். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. எனக்குப் பதில் கிடைத்துவிட்ட நிம்மதியில் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிறு மூன்றாவது தடவை. தேர்வுக்கு நாலு நாள். எஸ்தர் வழக்கத்தைவிட நேரம் கழித்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். டயரில் சுத்தமாகக் காற்று இல்லை. இந்த முறை வால்வு நேராக நின்றது, ஆனால் அதன் நுனியில் இருக்கிற குட்டி நட்டு திறந்திருந்தது. உங்களுக்குத் தெரியும், அந்த நட்டைத் திருகித் திறந்து அழுத்தினால்தான் காற்று வெளியே வரும். தானாகத் திறக்காது. யாரோ கையால் திறந்திருக்கிறார்கள்.

"இந்த நட்ட யார் தொறந்தது?" என்று கேட்டேன்.

"நான்தாண்ணா" என்றாள். "இல்லண்ணா, அது இன்னான்னா..."

"போதும்" என்றேன். கையை ஓங்கவில்லை, அவ்வளவுதான். சுற்றிப் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். மாஸ்டரிடம் திரும்பி, "சக்கரத்துல ஒண்ணும் இல்ல மாஸ்டர். ஓட்றவதான் காத்த எறக்குறா. அவளே ஒத்துக்குனா" என்றேன்.

"நீ நிச்சயமா சொல்றியா?"

"நிச்சயமா சொல்றேன்."

எஸ்தர் அழவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி பெஞ்சில் வைத்தாள். சக்கரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நடந்து போய்விட்டாள். தேர்வுக்கு வேறொரு பெண் போனாள். எஸ்தர் அதற்குப் பிறகு ஷெட்டுக்கு வரவில்லை. நாலு மாதம் நான் நிம்மதியாக இருந்தேன்.

புரட்டாசியில் என் கடை ஷட்டர் வலது கை கட்டைவிரல் மேல் இறங்கியது. எலும்பு விரிசல் விட்டு, கை முழுக்கக் கட்டு. வேலை செய்ய முடியாவிட்டாலும் ஷெட்டுக்குப் போய் உட்கார்ந்து மற்றவர்களை அதட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வெயில் ஏறின நேரம், கிளப்பிலேயே வேகமாக ஓட்டுகிற செல்வம் எஸ்டேட் சுற்றிலிருந்து வந்தான். தேர்வுக்குப் பிறகு ரேஸ் இல்லாததால் சும்மா தொங்கிய அதே ரேஸ் சக்கரத்தை அன்றைக்குத்தான் அவன் மாட்டிப் போயிருந்தான். "காத்து எறங்கிடுச்சுண்ணா" என்று சக்கரத்தைக் கழற்றி என் எதிரில் தொங்கவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான்.

வால்வு நன்றாகச் சாய்ந்திருந்தது. என் கட்டைவிரல் கட்டுக்குள்ளே துடித்தது. அதைத் தள்ளி நேராக்கினால்தான் எனக்கு டீ இறங்கும். கையை அசைக்க முடியாது. வேறு வழியில்லாமல் அந்தக் கோணல் வால்வைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அத்தனை வருஷத்தில் ஒரு சாய்ந்த வால்வை நான் முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். பார்க்கப் பார்க்கத்தான் உறைத்தது. நன்றாக ஒட்டிய டயர், காற்றே இல்லாவிட்டாலும் ரிம்மில் நகரக் கூடாது. வால்வு சாய்ந்திருக்கிறது என்றால் டயர் நகர்ந்திருக்கிறது.

செல்வத்தைக் கூப்பிட்டேன். "எதையும் தொடாத. அப்பிடியே காத்தடி. வால்வு அடியில சோப்புத் தண்ணி ஊத்து." ஊற்றினான். குமிழி கொப்பளித்தது. குமிழியை நம்பி ஏமாந்தவன் நான், அதனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யவில்லை. "இப்போ வால்வ நேரா இழு" என்றேன். இழுத்தான். குமிழி நின்றது. "உடு." விட்டான். மறுபடியும் கொப்பளித்தது. நாலு தடவை செய்யச் சொன்னேன். அவனுக்கு வேடிக்கையாக இருந்தது.

வால்வு அடியில் டியூபில் மெல்லிய கிழிசல். டயர் நகர்ந்து வால்வு சாயும்போது வாயைத் திறக்கிறது, நேராக்கினால் மூடிக்கொள்கிறது. ஒவ்வொரு தடவையும் சோதிக்கிறதுக்கு முன்னால் என் கட்டைவிரலே அந்தக் கிழிசலை மூடிவிட்டு, பிறகு தண்ணீரில் முக்கி 'ஒன்றும் இல்லை' என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

டயர் ஏன் நகர்ந்தது? செல்வத்தைக் கழற்றச் சொன்னேன். நல்ல ஒட்டு டயரைக் கழற்றக் கை வலிக்க வேண்டும். அது ரெண்டு விரலால் இழுத்ததுமே உரிந்து வந்தது. ரிம்மில் பசை வெல்லப்பாகு மாதிரி இளகிக் கிடந்தது. மாஸ்டர் 'நாளைக்குக் காலையில' என்று அவசரப்படுத்தின அன்று, பழைய பசையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுசைப் பூசி, காய விடாமல் மாட்டிக் கொடுத்தது நான்தான். அவர் அவசரப்படுத்தினார் என்று பழி போட மாட்டேன். 'முடியாது, ரெண்டு நாள் வேணும்' என்று சொல்வதற்குத்தானே என்னை வைத்திருந்தார்.

அப்படியானால் அந்த இன்னொரு பையன் ஓட்டும்போது ஏன் இறங்கவில்லை? அவன் வளைவுக்கு ரொம்ப முன்னாலேயே பிரேக் பிடித்து, மெதுவாகத் திரும்புகிறவன். எஸ்தர் வளைவு வரைக்கும் முழு வேகத்தில் வந்து கடைசி நொடியில் பிரேக் பிடிப்பாள். ரிம் சூடாகும், பசை இளகும், டயர் நகரும். ஆளிடம்தான் காரணம் என்று நான் போட்ட கணக்கு தப்பில்லை. காரணம் அவளுடைய வேகம். எந்தத் திறமைக்காக அவளை அனுப்ப வேண்டுமோ அதை வைத்தே அவளைக் குற்றவாளி ஆக்கினேன்.

இன்னொன்றும் அப்போதுதான் தோன்றியது. அந்த டயர் வளைவில் முழுசாகக் கழன்றிருந்தால், எதிரே வருகிற லாரிக்கு அடியில் போயிருப்பாள்.

மாஸ்டரிடம் சொன்னேன். "இப்ப சொல்லி இன்னாய்யா பண்றது?" என்றார். தேர்வு முடிந்து, பட்டியலும் வந்து, எஸ்தருக்கு வயசும் தாண்டிவிட்டது. ஒன்றும் செய்ய முடியாதுதான். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்ட பிறகு அவள் வீட்டுக்குப் போனேன். எஸ்டேட் சுவரை ஒட்டின தெரு. எஸ்தர் அப்போது ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா "வாங்கண்ணா, நாஷ்டா துன்றீங்களா?" என்று நாற்காலி போட்டார். உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வால்வு, கிழிசல், பசை, என் கட்டைவிரல். "தப்பு என்னுதுமா. உன் மேல ஒண்ணும் இல்ல" என்றேன்.

முதலில் பேசியது அவளுடைய அப்பாதான். "நீங்க சொன்னீங்கன்னுதாண்ணா நானும் நம்புனேன். இவ அழுதுக்கினே சொன்னா, நான் பண்ணல நைனான்னு. மெக்கானிக்குக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்னு கேட்டுட்டேன்." அதற்கு மேல் அவரால் உட்கார முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எஸ்தர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "டயரு கயண்டு வந்திருக்குமாண்ணா?" என்று கேட்டாள்.

"வந்திருக்கும்."

பிறகு நானே கேட்டேன். நாலு மாதமாக என் பக்க நியாயமாக நான் வைத்திருந்த ஒரே விஷயம் அது. "ஆனா அந்த நட்ட நீதானேமா தொறந்த. ஏன்?"

"வால்வு ரொம்பச் சாஞ்சிக்கினு இருந்துச்சுண்ணா. அப்பிடியே எத்துக்கினு வந்தா நீங்க திட்டுவீங்க, எல்லாரும் சிரிப்பாங்க. மீதி காத்தையும் எறக்கிட்டா டயர நவுத்தி நேரா வெச்சிடலாம்னு தொறந்தேன். கஷ்டப்பட்டு நேராக்கிட்டேன். நட்ட மூட மறந்துட்டேன்."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமேமா."

"சொல்ல வந்தேனே. நீங்க போதும்னுட்டீங்க."

அவள் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். விடைபெற்று வெளியே வந்தேன். வாசலில் அவள் வேலைக்குப் போகிற சாதாரண சைக்கிள் சாத்தியிருந்தது. பழக்க தோஷம், கண் சக்கரத்துக்குப் போனது. ரெண்டு வால்வும் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றன. நான் பார்ப்பதை அவள் கவனித்துவிட்டாள். "டெய்லி பாத்துடுவேண்ணா, பழக்கமாயிடுச்சு" என்றாள்.

பசையை எத்தனை நாள் காயவிட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், அதை நான் சொல்ல வேண்டாம். போன வாரச் சக்கரத்துக்கு என்ன கோளாறு என்றும் எனக்குத் தெரியாது, நான் தொட்டுப் பார்க்கவில்லை. அதை ஓட்டின பையனைக் கூப்பிடுங்கள். அடுத்த தடவை காற்று இறங்கினால் எதையும் சரிசெய்யாமல் அப்படியே தூக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். எப்படிக் கொண்டுவந்தாலும் திட்ட மாட்டோம் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். சொல்ல அரை நிமிஷம் ஆகும். எஸ்தர் ஷெட்டில் இருந்த இரண்டு வருஷத்தில் எனக்கு அந்த அரை நிமிஷம் கிடைக்கவில்லை.